ஜாபெஸ் அண்ணன் வாயில் டீத்தூள்

தாராவியில் எங்கள் அடுத்த வீட்டு ஜாபெஸ் அண்ணன் சயான் காலேஜில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். அதாவது, வீட்டுக் கணக்கில். பத்தாவதோடு படிப்புக்கு டாட்டா காட்டிய நான் ஊர் சுற்றும்போது பார்த்திருக்கிறேன்: சயான் ஸ்டேஷன் பெஞ்சில் காலேஜ் பையோடு உட்கார்ந்திருப்பான். அம்பர்நாத் வண்டி வரும், போகும். அவன் ஏறவும் மாட்டான், இறங்குகிறவர்களைப் பார்க்கவும் மாட்டான்.

உதட்டுக்குள் எப்போதும் தம்பாக்கு, அதாவது புகையிலைத் தூள். பரீட்சைக்கு விழித்திருக்க என்று காலேஜ் கூட்டாளிகளோடு தொடங்கியது. அவர்கள் அதை அடக்கிக்கொண்டே அரட்டை அடிப்பார்கள். இவனுக்கு அது வாய்க்குத் தாழ்ப்பாள். ஏதாவது கேட்டால் கையை ஆட்டிவிட்டுப் போய்விடலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபம். வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒருவர் முடித்ததும் பக்கத்து ஆள் தொடங்க வேண்டும். வாய்விட்டு ஜெபிக்க விரும்பாதவர் அடுத்தவரை முழங்கையால் இடித்தால் முறை தாண்டிவிடும். மாதக்கணக்காக அவன் இடித்து இடித்து என் விலா பழுத்துவிட்டது. அவன் அம்மா ஜெஸி சித்திக்கோ ஒரே பெருமை.

"எம்புள்ள வாயத் தொறக்க மாட்டான். உள்ளுக்குள்ளயே ஜெபிக்கான்."

போன வெள்ளிக்கிழமை அவன் பொட்டலத்திலிருந்த தம்பாக்கைக் கொட்டிவிட்டு டீத்தூளை நிரப்பினேன். நடு ஜெபத்தில் 'தூ' என்று எழுந்து ஓடுவான், பார்த்துச் சிரிக்கலாம் என்று ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன்.

ஓடவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. டீத்தூளை அடக்கிக்கொண்டு அப்படியே இருந்தான். மூடிய கண்ணின் ஓரத்தில் மட்டும் ஈரம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் முறை வந்தது. முழங்கை இடித்தது. நான் தொடங்கவில்லை. மறுபடி இடித்தான். கல்லாக இருந்தேன்.

"ஏல ஜெப்ரி, தூங்குதியா? உன் முறைல்லா?" என்றாள் சித்தி.

"அண்ணன் இன்னும் முடிக்கலியே."

"அவன் மனசுக்குள்ள முடிச்சிருப்பாம்ல."

"அவன் வாயில தம்பாக்குன்னு டீத்தூளு இருக்கு சித்தி. நாந்தான் மாத்தி வச்சேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜாபெஸ் அண்ணன் கைக்குட்டையில் துப்பிப் பார்த்தான்.

"ஏல, டீத்தூளா?"

"ஆமா. தெரியலியா?"

"தெரியலலே." கைக்குட்டையை மடித்தான். "சோறும் இப்படித்தான் இருக்கு. எல்லாமே."

"என்ன சொல்லுத, எய்யா?"

"காலேஜுக்குப் போயி ரொம்ப நாளாச்சும்மா. போகணும்னுதான் கெளம்புதேன். முடியல."

அடுத்த ஆள் தொடங்க வேண்டும். யாரும் தொடங்கவில்லை. சித்தி வட்டத்துக்கு நடுவே தவழாத குறையாக வந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள். திட்டவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் நமக்கென்ன வேலை என்று எழுந்தேன். அண்ணன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். புதுச் சட்டை. கசங்கினால் கசங்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.