மூன்றாவது நாற்காலிக்கு ஒரு கழுத்து

மகான்களின் வரலாறு அவர்கள் பிறந்த நேரத்தில் தொடங்கும். நம்முடையவரின் வரலாறு ஒரு தும்மலில் தொடங்குகிறது. தும்மியவர்கூட அவர் இல்லை.

அவர் ஒரு சலூனில் மூன்றாவது நாற்காலிக்காரர். பட்டப்பெயர் ரேடியோ. கத்தரிக்கோலைத் திறந்தால் வாயும் கூடவே திறந்துகொள்ளும். வாடிக்கையாளரின் பல்வலி, அவருடைய மருமகளின் பிடிவாதம், வரப்போகும் மழை, போகாத அரசாங்கம் என்று எதைப் பற்றியும் அவரிடம் ஒரு தீர்வு இருந்தது. தலை அவர் கையில் இருந்ததால் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அப்படிப்பட்டவரிடம் ஒருநாள் ஒரு வங்கி மேலாளர் ஷேவிங்குக்கு உட்கார்ந்தார். கத்தி காதோரம் இறங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கொஞ்சமும் முன்னறிவிப்பில்லாமல் தும்மினார். காது மடலில் கடுகளவு ரத்தம். ஆனால் அந்தக் கடையில் எதிரெதிரே இரண்டு சுவர்களிலும் கண்ணாடி. ஒரு மேலாளர் அலறியபோது வரிசையாக நாற்பது மேலாளர்கள் அலறுவதாகத் தெரிந்தது. நாற்பது காதுகளிலிருந்தும் ரத்தம் வந்தது. ரேடியோ படிகாரத்தைத் தேய்த்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க சார், மன்னிச்சுக்குங்க சார்" என்று வாசல் வரை பின்னாலேயே போனார். அந்த மனிதர் ஒரு வார்த்தை, ஒரே ஒரு "பரவாயில்லை" சொல்லியிருந்தால் இந்த வரலாறு இங்கேயே முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. வங்கிக்காரர்கள் எதையும் சும்மா கொடுப்பதில்லை.

மறுநாள் கத்தியை எடுத்ததும் ரேடியோவின் கை நடுங்கியது. பிடிப்பவர் பார்த்தாலே பயப்படும் நடுக்கம். பிடிக்கப்படுபவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ரேடியோ நின்றுவிட்டது. பேச்சு போயிற்று. வேலை நேரம் முழுக்கத் தன் வலது கையையே, பக்கத்து வீட்டு நாயைப் பார்ப்பதுபோல், சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் முகத்தில்கூடக் கத்தி வைக்கப் பயந்து தாடியை வளரவிட்டார். தாடி வைத்த நாவிதர் என்பது குடை இல்லாத குடைக்கடைக்காரர் மாதிரி. பார்க்கிறவர்கள் காரணம் கேட்டார்கள். டாக்டர் கையைத் தட்டிப் பார்த்து, "நரம்பெல்லாம் நல்லாத்தான்யா இருக்கு. பயம். பயத்துக்கு நான் மாத்திரை எழுதறதில்ல" என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கட்டத்தில்தான் மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி; தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்பவன். இதுவரை எத்தனை விற்றான் என்று குடும்பத்தில் யாரும் கேட்பதில்லை, அவன் மனம் புண்படும். ஆனால் தன்னம்பிக்கை முகாம் எங்கே நடந்தாலும் முதல் வரிசையில் இருப்பான்.

"மச்சான், உங்களுக்கு வியாதி கையில இல்ல. உள்ள இருக்கு."

"உள்ளன்னா எங்க மாப்ளே?"

"அது முகாம்ல மூணாவது நாள் சொல்வாங்க, நான் ரெண்டு நாள்தான் போனேன். நீங்க ஒண்ணு பண்ணுங்க. தினம் கண்ணாடி முன்னாடி நில்லுங்க. உங்க கண்ணையே பாருங்க. வாய்விட்டுச் சொல்லுங்க: 'என் கை நடுங்காது. நான் யாரையும் வெட்ட மாட்டேன்.' சொல்லச் சொல்ல அது ரத்தத்துல ஊறிடும்."

"ரத்தம்னு சொல்லாதடா."

வீட்டில் இருந்தது மனைவி பொட்டு வைத்துக்கொள்ளும் வட்டக் கண்ணாடி மட்டும். அதில் ஒரு கண் தெரிந்தால் இன்னொரு கண் தெரியாது. ஆகவே கண்ணாடிக்குக் குறைவில்லாத இடத்தில், அதாவது கடையில், அவர் பயிற்சியைத் தொடங்கினார். நாற்காலியில் ஒருவர் சாய்ந்து, கண்ணை மூடி, கழுத்து நிறைய நுரையோடு சொகுசாகக் கிடந்தார். அவருடைய தலைக்கு மேலே, இருட்டிலிருந்து வருவதுபோல், ஒரு குரல் தழுதழுத்தது:

"என் கை நடுங்காது. நான் யாரையும் வெட்ட மாட்டேன்."

அந்த மனிதர் கண்ணைத் திறந்தார். மேலே தாடிவைத்த ஒரு முகம் எதிரே கண்ணாடியில் தெரிந்த தன் கண்ணையே வெறித்துக்கொண்டிருந்தது. கையில் கத்தி ஆடிக்கொண்டிருந்தது. கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணி பின்னால் பறக்க, பாதி முகம் நுரையுமாக அவர் தெருக்கோடி வரை ஓடியதைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். துணி திரும்பி வரவில்லை. செய்தி மட்டும் எல்லா சலூனுக்கும் போய்ச் சேர்ந்தது.

முதலாளி நல்ல மனிதர். அதனால் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இந்தா பாரு ரேடியோ. அடுத்த தெருவுல ஒருத்தன் காலியா இருக்கான். ஞாயித்துக்கிழமையிலேருந்து வரேங்கறான். உன்னையும் என்னால தொரத்த முடியல. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள உன்னை நம்பிக் கழுத்தக் குடுக்கற ஒரே ஒரு ஆளக் கூட்டிட்டு வா. என் கண் முன்னால ஷேவ் பண்ணிக் காட்டு. நாற்காலி உனக்கு. இல்லன்னா..."

"இல்லன்னா?"

"இல்லன்னா என்னன்னு எனக்குச் சொல்ல வரலையே, அதான் பாதியில நிறுத்திட்டேன்."

ரேடியோவுக்கு வேறு தொழில் தெரியாது. இந்தத் தொழிலிலும், துணி பறந்த கதைக்குப் பிறகு, வேறு கடை கிடையாது. அன்று முதல் தெருவில் அவர் மனிதர்களைப் பார்க்கவில்லை, தாடைகளைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நிற்கும் தாடைகள், காய்கறி பேரம் பேசும் தாடைகள், தன்னைக் கண்டதும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் தாடைகள். முள்ளுமுள்ளாக மண்டிய முகத்தோடு ஒரு பழைய வாடிக்கையாளர், "ஐயோ, இப்பதான் ஷேவ் பண்ணிட்டு வரேன்" என்றார். இன்னொருவர் நேர்மையானவர்: "ரேடியோ, நீ எங்கப்பா மாதிரி. ஆனா எங்கப்பாகிட்டயும் நான் கழுத்தக் குடுக்க மாட்டேன்."

மாடி வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் பிணவறைக் காவலர். அவர் ஒருவர்தான் உண்மையிலேயே உதவ முன்வந்தார்.

"என்கிட்ட நெறைய பேர் இருக்காங்கப்பா. ஒருத்தரும் ஆட்சேபிக்க மாட்டாங்க."

"முதலாளி உசுரோட கேக்கறாரு."

"அப்ப கஷ்டம்" என்று அவர் மனப்பூர்வமாக வருந்தினார்.

கடைசியில் மச்சினன். நம்பிக்கையின் மொத்த வியாபாரி. ரேடியோ அவன் கையைப் பிடித்துக்கொண்டார்; அவருடைய கை நடுங்கியதில் அவன் கையும் நடுங்கியது.

"மாப்ளே, நீ வந்து உக்காருடா. உன்னத் தவிர யாருமில்ல."

"மச்சான்! உங்க மேல எனக்கு மலையளவு நம்பிக்கை இருக்கு."

"மலை வேணாம். கழுத்து போதும்."

"அப்படி இல்ல மச்சான். நான் வந்து உக்காந்தா அது என் நம்பிக்கை. உங்களுக்கு வேண்டியது உங்க நம்பிக்கை. அத நான் கெடுக்கலாமா?" என்றவன், சனிக்கிழமை முழுக்க மெஷின் காட்டப் போக வேண்டியிருப்பதை ஞாபகப்படுத்திக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அன்றிரவு ரேடியோ சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்தார். மனைவி துணித் தொழிற்சாலையில் சட்டைக்குப் பொத்தான் தைப்பவள். அதிகம் பேசுகிறவள் இல்லை. வீட்டில் ஒரு ரேடியோவுக்கு மேல் தேவைப்பட்டதில்லை.

"எனக்குத் தாடி இருந்தா நான் வந்து உக்காந்திருப்பேங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். கிண்டல் இல்லை.

"பயமா இருக்காதா உனக்கு?"

"ஏன் இருக்காது? பயமாத்தான் இருக்கும். கண்ண இறுக்க மூடிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

இது ஆறுதலா அவமானமா என்று அவருக்குப் புரியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்து, வலது கையைத் தலையணைக்கு அடியில் வைத்து, அதன்மேல் தலையை அழுத்திக்கொண்டார். தலைக்கு அடியிலும் அது நடுங்கிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். காத்திருக்கும் பெஞ்சில் இடமில்லை. ரேடியோ தனியாக உள்ளே வந்தார். முதலாளி அவருக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார், யாரும் வரவில்லை.

"ஆள் எங்கய்யா?"

ரேடியோ புதுத் துணி ஒன்றை உதறி, தன் கழுத்தில் தானே கட்டிக்கொண்டு, மூன்றாவது நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

"என்ன இது?"

"ஆள் வந்தாச்சு முதலாளி."

"நீயா? நீ எப்படி ஆளாவ?"

"ஏன் முதலாளி? கழுத்து இருக்கு. மூணு மாசத் தாடி இருக்கு. இந்தக் கை எப்படி நடுங்கும்னு இங்க இருக்கற எல்லாரையும் விட எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் உக்காந்திருக்கேன்."

ரேடியோ கத்தரிக்கோலால் தாடியைக் கத்தரித்துக் குறைத்தார். தண்ணீர் தெளித்தார். பிரஷ்ஷைச் சுழற்றி நுரை பூசினார். கத்தியில் புது பிளேடைச் செருகித் தூக்கினார். கண்ணாடிகளில் நாற்பது கத்திகள் உயர்ந்தன, நாற்பதும் ஆடின. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். ரேடியோவுக்கு எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் துணியோடு ஓடிய ஒருவரைத் தெருக்கோடி வரை பார்த்தவர் அவர்.

கண்ணை இறுக்க மூட முடியாது. மூடினால் எங்கே வைப்பது? திறந்து வைத்துக்கொண்டே கத்தியைக் கன்னத்தில் வைத்தார்.

இரும்பு சில்லென்றது. வெட்டுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. ஒரு இழுப்பு இழுத்துக் கத்தியை எடுத்தார். அந்தரத்தில் கை வெடவெடத்தது. மறுபடி வைத்தார், கன்னத்தில் கத்தி கோடு போட்டதுபோல் நின்றது. எடுத்தால் ஆட்டம். வைத்தால் இல்லை. மூன்று மாதமாக அவர் கைக்காரராக மட்டும் இருந்தார். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்டம். கன்னக்காரராகவும் இருந்து பார்த்தபோதுதான் அந்த ஆட்டம் தோல் வரை வந்து சேரவில்லை என்பது தெரிந்தது.

"தண்ணி சூடு சரியா இருக்கா சார்?"

கேட்டது ரேடியோதான். கேட்டுவிட்டோமே என்று அவரே திடுக்கிட்டார். பிறகு, வாடிக்கையாளர் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்பதால், "இன்னும் கொஞ்சம் சூடு இருக்கலாம்" என்றார். பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் இடது கன்னத்தை முடித்து, மழை வருமா என்று விசாரித்து, வராது என்று தனக்கே அடித்துச் சொன்னார். காதோரத்தில் கத்தியை எடுக்கும்போது அவசரம்; ஒரு நடுக்கம் தோலை எட்டிவிட்டது. கடுகளவு ரத்தம்.

பெஞ்சு முழுக்க எட்டிப் பார்த்தது.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றார் பழக்கத்தில். கண்ணாடியில் நாற்பது பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பரவாயில்ல" என்றார்.

படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டு மீதியைச் செய்தார்.

இந்த நேரம் பார்த்து மச்சினன் மெஷின் பையோடு வாசலில் தலைகாட்டினான். மழமழவென்றிருந்த முகத்தைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினான். "பாத்தீங்களா மச்சான்! நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

ரேடியோ எழுந்து துணியை உதறினார். நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "வா மாப்ளே, உக்காரு."

மச்சினனுக்கு உடனே ஒரு முக்கியமான வீடு ஞாபகம் வந்தது.

முதலாளி பக்கத்தில் வந்தார். ரேடியோவின் முகவாயைப் பிடித்து, மாம்பழத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல், இப்படியும் அப்படியும் திருப்பினார். இன்னமும் ஆடிக்கொண்டிருந்த வலது கையையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஆடுதே."

"ஆடுது முதலாளி. காத்துல."

"பாக்கறவன் பயப்படுவான்யா."

"கண்ண மூடிக்கச் சொல்றேன்."

முதலாளி மறுபடி அவர் முகவாயை நிமிர்த்தினார். பிறகு விரலால் தாடைக்கு அடியில் ஓரிடத்தைத் தொட்டார்.

"இங்க ஒரு கோடு முடி விட்டுட்ட."

"காலையில வந்து எடுத்துக்கறேன்."

"காலையிலயா?" முதலாளி காலியாக நின்ற நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். "சீக்கிரம் வந்துடு. ஞாயித்துக்கிழமை, கூட்டமா இருக்கும்."