சும்மா ஒரு சுத்து

எனக்கு வந்த நோயின் முதல் அறிகுறியைப் பார்த்து எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலைந்து பேர் சைக்கிளில் கிளம்புவோம். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து தடாகம் வழியாகத் தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம் போய்வருவது வழக்கம். மலையை ஒட்டிய அந்தச் சாலையில் காலை வேளையில் சங்கிலி ஓடும் சத்தம் நமக்கே கேட்கும். ஓடை ஆழமாக அறுத்துக்கொண்டு போன பள்ளங்களில் சாலை இறங்கும். இரண்டு பக்கமும் பாறை, நடுவில் சின்னப் பாலம், கீழே தண்ணீர். மூச்சு வாங்க மேலே ஏறினால் இருபுறமும் திராட்சைப் பந்தல். அந்த ஏற்றத்துக்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

சைக்கிள்காரர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. உட்கார்ந்திருக்கும்போது இதயம் எவ்வளவு மெதுவாகத் துடிக்கிறதோ அவ்வளவு பெருமை. பழக்கப்பட்ட இதயம் மெதுவாக அடிக்கும் என்பது உண்மைதான். ஒரு ஞாயிறு டீக்கடையில் என் வாட்ச் நிமிடத்துக்கு நாற்பது துடிப்புக்கும் கீழே காட்டியது. தோழி சுமதி, வடவள்ளியில் தையல் கடை வைத்திருப்பவள், என் கையைப் பிடித்துத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள்.

"இங்க பாருங்க, இது மனுச இதயமுங்களா? குதிரை இதயமுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் வாயெல்லாம் பல். வீட்டு மாடிப்படி ஏறினாலே கொஞ்ச நாளாக மூச்சு வாங்கியதையும், மத்தியானத்தில் கண் சொருகியதையும் நான் மாதவிலக்கு நிற்கும் வயதின் கணக்கில் எழுதிவிட்டிருந்தேன். உங்கள் வாட்ச்சும் அப்படி ஒரு எண்ணைக் காட்டி, கூடவே களைப்பும் இருந்தால், தயவுசெய்து யாரிடமும் காட்டிப் பெருமைப்படாதீர்கள். நேராக டாக்டரிடம் போங்கள்.

அடுத்த ஞாயிறு, பள்ளத்துக்குள் இறங்கும்போது, பாலத்தின் வெள்ளைக் கைப்பிடிச் சுவர் தெரிந்தது நினைவிருக்கிறது. பிறகு யாரோ விளக்கைக் குறைத்தது போல இருந்தது. லோ வோல்டேஜில் குழல்விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான். வலி ஏதுமில்லை. கண் திறந்தபோது நான் சாலையோரச் செம்மண்ணில் கிடந்தேன். ஹெல்மெட் விரிசல் விட்டிருந்தது. சுமதி என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். பாலத்துச் சுவர் பக்கத்திலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் உருண்டிருந்தால் ஓடைக்குள் போயிருப்பேன். எல்லாரும் கீழே எட்டிப் பார்த்தார்கள்.

மருத்துவமனையில் ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். காகிதத்தைப் பார்த்த செவிலியர் என்னைப் பார்க்கவே இல்லை, வேகமாக வெளியே போனார். எனக்கு அங்கேதான் முதல் பயம். அடுத்த நிமிடம் படுக்கையைச் சுற்றி ஆட்கள். கழுத்துச் சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்) வழியாக ஒரு தற்காலிகக் கம்பியை இதயத்துக்குள் விட்டார்கள்.

டாக்டர் ஒரு பெண்மணி. பதறாமல் பேசுகிறவர்.

"முழு இதய அடைப்புனு சொல்லுவோங்க. ரத்தக்குழாய் அடைப்பு இல்ல, பயப்படாதீங்க. மேல் அறையில கிளம்புற மின்சாரம் கீழ் அறைக்குப் போய்ச் சேரல. கீழ் அறை தன் போக்குல மெதுவா துடிச்சிட்டிருக்கு. எப்ப வேணும்னாலும் நிக்கலாம்."

பயப்படாதீங்க என்றும், எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்றும் ஒரே மூச்சில் சொன்னார்.

என் கணவரும் நானும் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறோம். போர்வெல் மோட்டார்தான் எங்களுக்குச் சோறு. அவர் டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பம்பு நல்லாத்தான் இருக்குது அம்மணி. லைன்ல கோளாறு. வேற ஒண்ணுமில்ல."

சொன்னவரின் கை கட்டிலின் கம்பியை விடவே இல்லை. எனக்கும் அது ஆறுதலாக இல்லை. லைன் போனால் நல்ல மோட்டாரும் நிற்கும் என்பது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

பேஸ்மேக்கர் (இதயத்துக்கு மின்தூண்டல் கொடுத்துத் துடிக்கவைக்கும் சிறு கருவி) வைப்பது என்று முடிவானது. அதற்கு முன்பு டாக்டர் என் அன்றாட வாழ்க்கையைப் பற்றிக் கேட்டார். எவ்வளவு உழைப்பீர்கள், என்ன உடற்பயிற்சி என்று.

நான் வாயைத் திறக்குமுன் கணவர் சொன்னார்: "ஊட்டு வேலை, பட்டறையில கொஞ்சம் மேற்பார்வை. அப்புறம் சைக்கிள்ல சும்மா ஒரு சுத்து போயிட்டு வருமுங்க."

சும்மா ஒரு சுத்து. மலையடிவாரம் வரை போய், பள்ளத்தில் இறங்கி ஏறி, வெயில் உச்சிக்கு வரும்போது வீடு திரும்புகிறவளைத்தான் அப்படிச் சொன்னார். எங்கள் பக்கத்தில் தன் பெருமையைத் தானே பேசக் கூடாது. தோட்டம் எத்தனை ஏக்கர் என்று கேட்டால் 'ஏதோ கொஞ்சம் இருக்குதுங்க' என்பார்கள். அவர் சொன்னதில் பாதி அந்த அடக்கம். மீதி பயம். முழுசாகச் சொன்னால் இனி சைக்கிளே கூடாது என்று டாக்டர் சொல்லிவிடுவாரோ என்று எனக்காகப் பயந்தார். அதே பயத்தில் நானும் தலையாட்டினேன். காய்கறி வாங்கக் கடைக்குப் போய்வருகிறேன் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார் போல.

இடது காறையெலும்புக்கு (கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் எலும்பு) கீழே தோலைக் கீறி, கருவியை உள்ளே வைத்துத் தைத்தார்கள். தீப்பெட்டி அளவுகூட இருக்காது. அதிலிருந்து இரண்டு கம்பிகள் இதயத்துக்குள் போகின்றன. கம்பி பிடித்துக்கொள்ளும்வரை இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. தலை சீவ முடியாது. கணவர்தான் பின்னிவிட்டார். வைண்டிங் கம்பியை அவ்வளவு நேர்த்தியாகச் சுற்றுகிற கை, என் தலையைப் பாழாக்கியது.

வெளியில் சொல்லிக்கொள்ளாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த நாட்களில் எனக்கு வலியைவிடப் பயம்தான் நோய். குளிக்கப் போனால் தாழ் போடமாட்டேன். அவர் பட்டறைக்குக் கிளம்பினால் வாசல்வரை பின்னாலேயே போவேன். பட்டறையில் வெல்டிங் நடக்கும்போது கிட்டே போகக் கூடாது, அந்த மின்சாரம் கருவியைக் குழப்பும் என்று சொல்லியிருந்தார்கள். நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. சைக்கிள் மேலே துணி போர்த்தியிருந்தது. அதைப் பார்த்தால் பாலத்துச் சுவர்தான் கண்ணில் வந்தது. இனி ஒருநாள் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறுவேனா, அல்லது இதயம் நின்றுவிடுமென்று வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து காலத்தை ஓட்டுவேனா? எனக்கு அப்போது வேறு கேள்வியே இல்லை.

காயம் ஆறியது. "இனி சைக்கிள் ஓட்டலாங்க" என்று டாக்டர் சொன்னார். சமதரையில் சில வாரங்கள் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு ஞாயிறு பள்ளத்துக்குப் போனோம். சுமதி முன்னால். என் கணவர் ஸ்கூட்டரில் பின்னால்.

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பாலத்தைத் தாண்டினேன். ஏற்றம் தொடங்கியது. மூச்சு ஏறியது, கால் சூடானது, உடம்பு தன்னை மறந்து பழைய வேகத்துக்குப் போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் பந்தல் தெரிந்தபோது திடீரென்று காலில் இருந்த பலம் அத்தனையும் வடிந்தது. கண்ணின் ஓரம் இருண்டது. அதே லோ வோல்டேஜ்.

எப்படியோ காலை ஊன்றிவிட்டேன். விழவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டுச் சாலையில் உட்கார்ந்தேன். கருவியும் போய்விட்டது, இனி எதுவும் இல்லை என்றுதான் தோன்றியது. கணவர் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏனுங்க, என்னை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றேன். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் டாக்டர் ஒரு சிறு தட்டை என் தோலின் மேல் வைத்து, கருவிக்குள் பதிவானதைத் திரையில் படித்தார். நிமிர்ந்து கேட்டார்.

"நேத்து என்னங்க பண்ணீங்க?"

இந்தமுறை நானே சொன்னேன். தூரத்தையும் ஏற்றத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "இத முதல்லயே சொல்லக் கூடாதுங்களா? சாதாரணமா நடமாடுறவங்களுக்குனு துடிப்பு வேகத்துக்கு மேல ஒரு எல்லை வச்சிருந்தோம். நீங்க ஏற்றத்துல மிதிக்கும்போது உங்க மேல் அறை அதையும் தாண்டி வேகமாத் துடிக்குது. எல்லை தாண்டினா கருவி எல்லாத் துடிப்பையும் கீழ அனுப்பாது, ஒண்ணு விட்டு ஒண்ணுதான் அனுப்பும். துடிப்பு பட்டுனு பாதியாயிரும். கருவி கெட்டுப்போகல. நீங்க சொன்னதுக்குத் தகுந்த மாதிரிதான் வேலை செஞ்சிருக்கு."

நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களிடம் போர்வெல் ஆழத்தைக் கேட்டுத்தான் மோட்டாரின் சக்தியை முடிவுசெய்வோம். பாதிப்பேர் குறைத்துத்தான் சொல்வார்கள். அப்புறம் தண்ணி ஏறலைங்க என்று வந்து நிற்பார்கள். அவர்களைத் திட்டித் திட்டியே இவருக்குத் தொண்டை போயிருக்கிறது.

"ஆழத்தக் கொறச்சுச் சொல்லிப்போட்டேன் அம்மணி" என்றார் மெதுவாக. அவர் கண் கலங்கியிருந்தது. அத்தனை பயத்துக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

என்னை டிரெட்மில் என்னும் ஓடும் பட்டையில் நடக்கவைத்துப் பார்த்து, அந்த எல்லையை உயர்த்தினார் டாக்டர். தோலைத் தொடவே இல்லை, திரையில்தான் மாற்றினார். உங்களைப் பற்றி டாக்டர் கேட்கும்போது அடக்கமாக இருக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நாம் சொல்கிற வாழ்க்கைக்குத்தான் அவர்கள் இதயத்தை அமைக்க முடியும்.

பள்ளத்துக்குத் திரும்பவும் போனேன். முதல் பந்தல் வந்தது. கண் ஓரம் இருளுமென்று காத்திருந்தேன். இருளவில்லை. மேலே ஏறி முடித்ததும் திராட்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதேன். மருந்தடிக்க வந்த தோட்டக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இறக்கத்தில் இன்றும் பிரேக்கை விடுவதில்லை. கருவியின் பேட்டரிக்கும் ஆயுள் உண்டு, தீரும்முன் மாற்றுவார்கள். அமைதியாகப் படுத்திருக்கும்போது என் துடிப்பை அறுபதுக்குக் கீழே அது விடாது. அதாவது விநாடிக்கு ஒன்று. மத்தியானம் படுத்தால் சுவர்க் கடிகாரமும் நானும் ஒன்றாக அடிப்போம். அது பழகிவிட்டது.

போன வாரம் அப்படிப் படுத்திருந்தபோது சத்தம் நின்றது. அறையில் ஒன்றும் அடிக்கவில்லை. கண்ணைத் திறக்கத் தைரியமில்லை. அப்போது தலைமாட்டில் கணவரின் குரல்.

"பேட்டரி தீந்துபோச்சு அம்மணி."

கையைக் காறையெலும்புக்குக் கீழே கொண்டுபோனேன். உள்ளே இதயம் அடித்துக்கொண்டிருந்தது, முன்னைவிட வேகமாக. கண்ணைத் திறந்தேன். அவர் கடிகாரத்தை மார்போடு அணைத்தபடி, தான் சொன்னது அப்போதுதான் தனக்கே உறைத்து, வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கையை எடுத்து என் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டேன். இரண்டு பேர் துடிப்பும் மெதுவாக அடங்கி, விநாடிக்கு ஒன்றாக வரும்வரை, கடிகாரத்தை யாரும் தொடவில்லை.