கரும்பு மேஸ்திரியும் மெஷினும்

வேதாசலத்துக்கு வாயைவிடக் கை முந்தும். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டும் கூட்டத்துக்கு அவன் மேஸ்திரி. வேலையில் பிந்துகிறவன் முதுகில் கரும்பு முறியும். எதிர்த்துப் பேசுகிறவனுக்குப் பல் ஆடும். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் கூடப்பிறந்த தம்பி ஆதிகேசவனையே வெட்டுக்கத்தியால் தோளில் கொத்தியவன். போலீசில் தம்பி அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும் ஐந்து வருஷம் பேச்சில்லை.

எண்பத்தாறாம் வருஷம் தை மாதம் வேதாசலத்தின் முகம் உப்பிற்று. கால் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தது. ஒருநாள் காலை வயலிலேயே வாந்தி எடுத்தான்.

"மேஸ்திரிக்கு மசக்கையா?" என்று ஒருத்தன் சிரித்தான்.

வேதாசலம் எழுந்து போய் அவன் மூக்கில் குத்தினான். ரத்தம் கொட்டியது. குத்தினவனும் அதே இடத்தில் கண் இருட்டிச் சரிந்தான்.

திருத்தணி டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு அன்றே மெட்ராஸுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மனைவி வள்ளிநாயகியோடு ரயிலேறினான். மூன்று நாள் சோதனைக்குப் பிறகு, அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் அவனை உட்காரவைத்துச் சொன்னார்.

"ரெண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போச்சு. ரத்தத்துல சேர்ற கழிவை இனிமே மெஷின்தான் எடுக்கணும். டயாலிசிஸ்னு பேரு. வாரத்துக்கு ரெண்டு தடவை."

"எத்தினி வாரத்துக்கு?"

"இருக்கற வரைக்கும்."

கண்ணாடிக் கதவு வழியே வேதாசலம் உள்ளே பார்த்தான். ஓர் ஆள் படுத்திருந்தான். அவன் கையிலிருந்து ரத்தம் குழாயில் ஓடி, மெஷினுக்குள் புகுந்து, வேறொரு குழாயில் திரும்பிக்கொண்டிருந்தது. எத்தனையோ பேர் ரத்தத்தைப் பார்த்தவன்தான். தன் ரத்தம் அப்படி வெளியே சுற்றிவிட்டு வருவதை நினைத்ததும் அவனுக்குப் பயம் பிடித்தது. அந்தப் பயத்தை யாரும் பார்த்துவிடக்கூடாது. டாக்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். நாலு பேர் ஓடிவந்து கையை முறுக்கி அவனைத் தரையில் அமுக்கினார்கள்.

ஊர் திரும்பியவன் வெளியே தலைகாட்டவில்லை. பத்து நாளில் சோறு இறங்காமல் போனது. உடம்பெல்லாம் அரித்தது, மூச்சில் மூத்திர வாடை அடித்தது.

"போலாம் வாய்யா. இப்பிடியே உக்காந்துகினு இருந்தா செத்துப்பூடுவ," என்றாள் வள்ளிநாயகி.

"மெஷின்ல என்னைக் கட்டிப்போட்டு வேடிக்கை பாக்கணுமா உனுக்கு?"

அறைந்தான். அவள் அடுப்பின்மேல் விழுந்தாள். கொதித்த குழம்பு முழங்கையில் கொட்டித் தோல் வழன்றது. உதைக்க அவன் காலைத் தூக்கியபோது, பதினேழு வருஷம் அடி வாங்கினவள் விறகுக்கட்டையைக் கையில் எடுத்தாள். தலைக்கு வந்ததை அவன் இடது கையால் தடுத்தான். எலும்பு முறிந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. முதுகில், தொடையில், முழங்காலில் மாறி மாறி விழுந்தது. திருப்பி அடிக்க எழப் பார்த்தான். உடம்பு எழவில்லை.

சத்தம் கேட்டு ஆதிகேசவன் ஓடிவந்தான். அடுத்த அடி அவனிடமிருந்துதான் என்று வேதாசலம் கண்ணை மூடிக்கொண்டான்.

"கட்டையைக் கீழ போடுங்க அண்ணி," என்றான் தம்பி. "இவனை அடிக்கணும்னு அஞ்சு வருஷமா காத்துகினு இருந்தேன். இவன்கிட்ட இன்னா மிச்சம் இருக்குது அடிக்கறதுக்கு?"

"மெட்ராஸுக்குத் தூக்கினு போவணும் தம்பி."

"நான் வர்ல," என்றான் வேதாசலம்.

ஆதிகேசவன் குனிந்து கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். "வருவ," என்று சொல்லி அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர்தான் இருந்தார். "கை எப்படி உடைஞ்சுது?"

"உழுந்துட்டேன்."

"நான்தாங்க அடிச்சேன்," என்றாள் வள்ளிநாயகி.

டாக்டர் அவளுடைய வெந்த கையையும் பார்த்தார். "இன்னிக்குத் தொடையில ஊசி போட்டு ஆரம்பிக்கலாம். அப்புறம் மெஷின் குழாய் மாட்டறதுக்குக் கையில ரத்தக்குழாயை இணைச்சுத் தைக்கணும். வழக்கமா இடது கையிலதான் செய்வோம். அது ஆகாது, வலதுதான். அந்தக் கையால இனி கனம் தூக்கக்கூடாது, எதையும் ஓங்கி வெட்டக்கூடாது."

வேதாசலம் வலது கையை விரித்து மடக்கிப் பார்த்தான். "இத்த வெச்சிதான் எவனும் என்னை மதிச்சான் டாக்டர்."

பிறகு அந்தக் கையை டாக்டர் பக்கம் நீட்டினான். "சரி, போடுங்க," என்றான்.

ஊசி இறங்கியபோது அலறிவிட்டான். துள்ளிய காலைத் தம்பி அமுக்கிப் பிடித்துக்கொண்டான். நாலு மணி நேரம் கண்ணைத் திறக்கவே இல்லை. மூன்றாவது முறைதான் குழாயைப் பார்த்தான்.

செவ்வாயும் வெள்ளியும் மனைவியோ தம்பியோ அவனை ரயிலில் கூட்டிப்போனார்கள். கரும்புக் கூட்டம் வேறு மேஸ்திரியிடம் போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் யாரையும் அடிக்கவில்லை. முடியாமல்தானா, தோன்றாமலா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆடிக்கிருத்திகை சமயம் திரும்பும் ரயிலில் காவடிக்கூட்டம் நெரித்தது. ஒரு தடியன் வள்ளிநாயகியை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு அவள் இடத்தில் உட்கார்ந்தான். வேதாசலத்தின் கை தானாக எழுந்தது. அதற்குள் அவளே அந்த ஆளைச் சட்டையோடு பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேதாசலம் சிரித்தான். அந்த வருஷத்தில் அவன் சிரித்தது அப்போதுதான்.

மறு பங்குனி வரை இருந்தான்.