வெறும் வயிறு

கடைசிப் பாதாம் பருப்பையும் வாயில் போட்டு, ஒரு அவசரமுமில்லாமல் மெல்லுகிறார். மென்று முடித்ததும் நாக்கை நீட்டிக் காட்டுகிறார். யாரும் காட்டச் சொல்லவில்லை. "பாத்துக்கோம்மா, ஒண்ணும் மிச்சம் வைக்கல" என்கிறார். எதிரில் இருக்கும் நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுகிறாள்.

சாப்பாட்டை வைத்துச் சோதனை நடத்தும் அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்கு லிஃப்ட்காரர் என்று பெயர். ஓய்வு பெறும்வரை லிஃப்ட் பழுது பார்த்தவர். கிணறு மாதிரியான இருட்டில், இரும்பு வடங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் போகிறவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்துவிட்டது. இன்றும் எந்த லிஃப்டில் ஏறினாலும் சுவரில் காதை வைத்துவிடுவார். "பேரிங் அழுவுது. ஒருத்தனும் காது குடுக்க மாட்டேங்கறான்" என்று, கதவு திறப்பதற்குள் சொல்லி முடித்துவிடுவார். கூட வருகிறவர்கள் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.

பாதாம் விஷயத்தை டாக்டரம்மா முதல் நாளே விளக்கியிருந்தார். "ஒரே பருப்பு, ஒரே அளவு கொழுப்புதான், ஐயா. முழுசா மென்னு தின்னா, கொழுப்புல நிறைய பருப்புச் செல்லுங்களோட சுவருக்குள்ளயே பூட்டிக் கிடக்கும். நைசா அரைச்சுட்டா பூட்டு உடைஞ்சிடும், சட்டுனு ரத்தத்துல ஏறும். எவ்வளவு ஏறுது, எப்ப இறங்குதுன்னு பாக்கறோம்."

"ஏத்தமும் இறக்கமும்தானே? அது நம்ம வேலைதான்" என்றார் லிஃப்ட்காரர்.

ஒரு நாள் முழுப் பருப்பு. இன்னொரு நாள் அதையே அரைத்துச் செய்த ரொட்டி. இரண்டு நாளும் வெறும் வயிற்றோடு வந்து, சாயங்காலம்வரை அங்கேயே கிடந்து, மணிக்கொரு தரம் ரத்தம் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். இவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். மணிக்கொரு தரம் ஒருத்தி வந்து கையைப் பிடித்து, "வலிக்குதா ஐயா?" என்று கேட்கிறாளே!

வீட்டில் அவரும் அக்காவுமாகத்தான் இருந்தார்கள். இரண்டு பேருக்குமே கல்யாணம் கூடி வரவில்லை. "மென்னு தின்னுடா, யாரு பிடுங்கிட்டுப் போகப் போறா?" என்று அக்கா சத்தம் போடாத சாப்பாட்டு வேளை கிடையாது. அக்கா போன பிறகு அடுப்படியில் நின்றபடியே, சட்டியிலிருந்தே அள்ளித் தின்றுவிடுகிறார். "தட்டுன்னு ஒண்ணு எடுத்தா அதைக் கழுவணும்ல" என்று கேட்பவர்களுக்குச் சொல்லப் பதில் தயாராக வைத்திருக்கிறார். கேட்கத்தான் ஆளில்லை.

இரண்டாம் நாள் காலையில் அவர் கிளம்பும்போது, எதிர்வீட்டுக்காரர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். கதவுக்குக் கதவு பார்த்தபடி பல வருஷம் இருந்தவர்கள். படியில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அதோடு சரி. அன்றைக்கு அந்த வீட்டுப் பெண் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"மாமா, உள்ள வாங்க. ஃப்ரிட்ஜைத் தூக்கப் போறாங்க. வெண்ணெயும் முட்டையும் வீணாப் போகுது. யாராவது தீத்துக் குடுக்கணும்."

அதுநாள்வரை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள்.

அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, தரையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். வெண்ணெயில் பொரித்த முட்டை, வெண்ணெய் சொட்டும் ரொட்டி. தட்டையெல்லாம் கட்டிவிட்டதால் பழைய செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தாள். அவள் புருஷன் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். "இன்னொண்ணு போடட்டுமா மாமா?" என்றாள். போடச் சொன்னார்.

ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்து, தன் முறைக்காகக் காத்திருந்து, ரத்தம் கொடுத்தார். நர்ஸ் அந்தக் குழாயை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி எடுத்தாள். மேலே தெளிந்த மஞ்சளாக நிற்க வேண்டிய நீர், பால் சிந்தியதுபோல் கலங்கி நின்றது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஐயா, காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லையே. வெறும் வயிறு."

டாக்டரம்மா குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். லிஃப்ட்காரர் அதைப் பார்த்தார்.

"முட்டைம்மா... வெண்ணெயில பொரிச்சது" என்றார். "கூப்பிட்டாங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். வேணாம்னு சொல்ல வாய் வரல."

டாக்டரம்மா கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. பக்கத்தில் உட்கார்ந்து தணிவாகச் சொன்னார்: "இன்னியோட எங்க வேலை முடியுது, ஐயா. வேற தேதி கிடையாது. ரெண்டு நாளையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாதான் அர்த்தம். அதனால முதல் நாள் நீங்க குடுத்ததையும் சேத்துக்க முடியாது."

"அப்போ நான் வந்துட்டுப் போனதே இல்லேன்னு ஆயிடுச்சு."

"அப்படி இல்ல ஐயா..." என்று தொடங்கியவர், நர்ஸைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

நாள் முழுக்க ரத்தம் எடுப்பதற்காக லிஃப்ட்காரர் கையில் செருகியிருந்த ஊசிக் குழலை நர்ஸ் உருவி, பஞ்சை வைத்து அழுத்தி, பிளாஸ்திரி ஒட்டினாள்.

"அவ்வளவுதான் ஐயா. நீங்க கிளம்பலாம்."

"சரிம்மா" என்றார். ஆனால் மேஜைமேல் நீட்டிய கையை மட்டும் எடுக்கவில்லை. உள்ளங்கை மேலே பார்த்தபடி, அது அப்படியே கிடந்தது.