வினிஃப்ரெட் பிடித்துவைத்த துகள்

"சும்மா கதை விடாதே" என்பவர்கள் மலேசியாவில் மாசாய் ஊருக்குப் போய் லெஸ்லியைக் கேளுங்கள். நேரம் உட்பட எல்லாம் சொல்வான். நான் ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அவன் அக்கா வினிஃப்ரெட், ஜொகூர் பாருவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பிஎச்டி செய்துகொண்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்களை ஒரு சொட்டு நீரில் கலந்து, லேசர் ஒளியை ஒரு புள்ளியில் விழச் செய்வாள். அந்த இடம் லேசாகச் சூடாகும். அந்தச் சூட்டில் ஒரு துகள் மாட்டிக்கொள்ளும். ஒளி இருக்கும்வரை அது தப்ப முடியாது. அப்படி ஒரு மணி நேரம் பிடித்துக் காட்டினால்தான் பட்டம். இரண்டு வருடமாக முயன்றும் நாற்பது நிமிடத்தைத் தாண்டியதில்லை. அந்தப் புதன்கிழமைதான் கடைசி நாள்.

அன்றைக்குத்தானா அம்மாவுக்கும் முற்ற வேண்டும்! புற்றுநோய். ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பகல் 11.50-க்கு லெஸ்லி போன் செய்தான்.

"அக்கா, ஃபாதர் வந்து கடைசி ஜெபம் சொல்லி எண்ணெய் பூசிட்டாரு. உடனே வா லா."

"ஒரு மணி நேரம்டா. முடிச்சிட்டு ஓடி வந்துர்றேன்."

"அம்மா தாங்க மாட்டாங்க..."

போனின் சத்தத்தை நிறுத்திப் பைக்குள் போட்டாள். கல்நெஞ்சக்காரி என்று திட்டத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது.

ஜன்னல்களை மூடி அறையை இருட்டாக்கினாள். அவசர அவசரமாகக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு வைத்தாள். சரியாக 12.10. ஒளி விழுந்ததும் ஒரு துகள் மாட்டியது நுண்ணோக்கியில் தெரிந்தது.

ஒன்றே ஒன்று. சுற்றிலும் வேறு துகளே இல்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்தாள்.

மாட்டிய துகள் எப்போதும் நாலாபக்கமும் நடுங்கும். இது மேல்பக்கம் மட்டுமே இழுத்தது. மறுபடி... மறுபடி... மேலே...

12.25. க்ர்ர்... க்ர்ர்... என்று ஒரு சத்தம். சளி கட்டிய நெஞ்சு இழுப்பதுபோல. கம்ப்யூட்டர் காற்றாடியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

12.41. துகள் நழுவப் பார்த்தது.

"எங்க போற? சும்மா இரு!" பல்லைக் கடித்துக்கொண்டு சூட்டைக் கூட்டினாள்.

துகள் துடித்தது.

இன்னும் கூட்டினாள்.

1.10. ஒளியை அணைத்தாள்.

சத்தமும் நின்றது.

"அலமாக், கிடைச்சிருச்சு!" என்று குதித்தாள். சாமான்களை எடுத்துவைக்கும்போதுதான் புட்டியைப் பார்த்தாள். துகள்கள் இருந்த புதுப் புட்டி. அதன் மூடியை அவள் திறக்கவே இல்லை. கண்ணாடியில் வைத்தது வெறும் தண்ணீர்.

பையிலிருந்து போனை எடுத்து லெஸ்லியைக் கூப்பிட்டாள்.

லெஸ்லி அழுதான். "பன்னெண்டு பத்துக்கே மூச்சு நின்னுருச்சுக்கா. ஃபாதர் கண்ணக்கூட மூடிட்டாரு. உடனே திரும்ப இழுக்க ஆரம்பிச்சுச்சு... ஒரு மணி நேரம் துடிச்சாங்க. பாதியில 'சுடுது, சுடுது'ன்னு கத்துனாங்க. தோலெல்லாம் கொப்புளம். ஒன்னு பத்துக்குத்தான் அடங்குச்சு."

வினிஃப்ரெட் கண்ணாடித் துண்டைத் திரும்பிப் பார்த்தாள். லெஸ்லி நிறுத்தவில்லை.

"உன் பேரைத்தான் சொன்னாங்க. 'வினி, விட்டுரும்மா... விட்டுரும்மா'ன்னு. எதை விடச் சொன்னாங்கக்கா?"