ஒழுங்கைக்குள் வந்த வெள்ளை ஜீப்

சாய்ந்தமருதுச் சந்தியில் ஓட்டோ ஓட்டுகிற அதாவுல்லாவின் வாயிலிருந்து வேறெந்த வாகனத்தைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை வாங்க முடியாது. வேன் டீசலைக் குடித்தே ஆளைக் கவிழ்த்துவிடும், கார் வெள்ளத்துக்கு ஆகாது, பஸ்ஸைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். அரிசி மில்லொன்றின் சின்ன லொறியில் நாலு வருடம், அதன்பிறகு இருபத்தாறு வருடமாக ஓட்டோ. உருப்படியான வாகனம் என்றால் அதற்கு மூன்று சில்லுத்தான் என்பது அவருடைய தீர்ப்பு. அப்படிப்பட்ட மனிதர் ஒரு வாகனத்துக்கு முன்னால் வாயடைத்து நின்ற கதையைச் சந்தியில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மனைவி ஸில்மியாவுக்குக் கண்டியில் முதுகெலும்பில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. துணைக்கு நின்ற மகள் ஸப்னா, பன்னிரண்டாம் நாள் போன் எடுத்தாள்.

"வாப்பா, நாளைக்கு உம்மாவ விடுறாங்களாம். ஆனா குலுங்கவே கூடாதெண்டு டொக்டர் சொல்லிட்டார். ஆஸ்பத்திரி வாசல்ல ஏத்தி, வீட்டு வாசல்லதான் இறக்கணுமாம். ஒரு மாசத்துக்கு நடையும் கூடாதாம். தையல் பிரிஞ்சா திரும்ப வெட்டணுமாம். பஸ் கூடாது, ஓட்டோ கூடவே கூடாதாம்."

கடைசிச் சொல்லில் அதாவுல்லாவின் மனம் கொஞ்சம் நொந்ததுதான். டொக்டரோடு சண்டைக்குப் போக முடியுமா? கல்முனையில் வாடகைக்கு வாகனம் விடுகிற ஸஜாத்திடம் இருப்பதிலேயே சின்னக் கார் ஒன்றைப் பேசிவைத்தார். கைக்கு எட்டியது அதுதான்.

பின்னேரம் எடுக்கப் போனால் கார் இல்லை. அறுகம்பைக்குக் கொண்டுபோன வெள்ளைக்காரர்கள் இன்னும் இரண்டு நாள் வைத்திருக்கப் போகிறார்களாம். 

"தம்பி, அவள் அங்க பொட்டியக் கட்டிட்டுக் காத்துட்டு இருப்பாளே. நான் இப்ப என்ன செய்யிற?"

"காக்கா, வாக்குக் குடுத்தா வாகனமும் குடுக்கணும். அந்தா நிக்கிறத எடுத்துட்டுப் போங்க. பேசின வாடகைதான். அதுக்கு மேல ஒரு சதமும் வேணாம்."

அந்தா நின்றது ஒரு வெள்ளை ஜீப். ஆசனத்துப் பொலித்தீன் உறை இன்னும் கிழிக்கப்படவில்லை. அதாவுல்லா அதை மூன்று தரம் சுற்றி வந்தார். ஸஜாத் பகிடி விடுகிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பள்ளிவாசலுக்குள் காலெடுத்து வைக்கிறவரைப் போல வலது காலை வைத்து ஏறினார். திறப்பைப் போட்டுத் திருக இடமில்லை, ஒரு பொத்தான்தான் இருந்தது. அமத்தினார். சத்தமே இல்லை.

"தம்பி, ஸ்டார்ட் வருதில்லையே."

"அது ஸ்டார்ட்லதான் நிக்கிது காக்கா."

அன்றிரவு ஜீப்பை ஸஜாத்தின் வளவிலேயே விட்டுவிட்டு வந்தார். ரோட்டில் நிறுத்தி யாராவது ஒரு கீறல் போட்டால் தன் ஓட்டோவை விற்றாலும் காணாது என்ற பயம். விடியச் சுபஹுத் தொழுதுவிட்டுப் போய் எடுத்தார்.

காரைதீவில் திரும்பிச் சம்மாந்துறை தாண்டும்வரை மனிதர் நாற்பதுக்கு மேல் போகவில்லை. வீரமுனைக்கு அப்பால் ஒரு பள்ளம் உண்டு. எத்தனையோ வருடமாக அவருடைய நாரி எலும்போடு பழக்கமான பள்ளம். கண்ணை மூடிக்கொண்டு போனாலும் அந்த இடம் வந்ததும் பல்லைக் கடித்துக்கொள்வார். அன்றைக்கும் கடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. ரோட்டைத் திருத்திவிட்டார்களோ? ஜீப்பை ஓரமாக நிறுத்தி, இறங்கித் திரும்பி நடந்தார். பள்ளம் அங்கேயேதான் கிடந்தது, கணுக்காலுக்கு மேல் ஆழம், நேற்றைய மழைத் தண்ணீரோடு.

"ஸுப்ஹானல்லாஹ்!"

வயல் வெளியில் கொக்கைத் தவிர யாரும் இல்லை. பள்ளத்தைப் பார்த்தார், தூரத்தில் நின்ற ஜீப்பைப் பார்த்தார். இப்படியும் ஒரு சாமானை மனிதன் செய்திருக்கிறான். அதை இந்த ஒரு நாளுக்கு அல்லாஹ் தன் கையில் தந்திருக்கிறான். நெஞ்சு நிறைந்துபோய், ஸில்மியா சுகமாக வந்துசேர்வாள் என்று முதன்முதலாக நம்பினார்.

கண்டியில், ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்பைக் கண்ட ஸப்னா, "இது யார்ர வாப்பா?" என்றாள். "நம்மடதான், இண்டைக்கு மட்டும்" என்றார் அவர், பெரிய மனிதரின் மிடுக்கோடு. மகள் ஏதோ ஒரு பொத்தானை அமத்த, முன் ஆசனம் மெல்லச் சாய்ந்து கட்டிலாகியது. ஸில்மியாவை அதில் கிடத்தினார்கள். நோவினால் ஆறு மாதமாக ஒரு நாள்கூட ஒழுங்காகக் கண் மூடாதவள் அவள். மலையிறங்குகிற பதினெட்டு வளைவில், நல்ல மனிதருக்கே குடல் வாய்க்கு வருகிற இடத்தில், அதாவுல்லா பயந்து பயந்து திரும்பிப் பார்த்தார். வாயை லேசாகத் திறந்துகொண்டு ஸில்மியா தூங்கிக்கொண்டிருந்தாள். அவருக்குக் கண் கலங்கியது. வளைவில் கண் கலங்கினால் ரோடு தெரியாது என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டு ஓட்டினார்.

மஹாஓயாவுக்கு இப்பால் அவள் கண் விழித்தாள். கண்ணாடிக்கு வெளியே சத்தமில்லாமல் ஓடிய மரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இஞ்சாருங்க, நீங்க மாப்பிள்ளையா வந்த கார நான் கண்டதேயில்ல, தெரியுமா?"

"அதென்ன புள்ள இப்ப?"

"வாசல் மட்டும் வந்ததாமே. நான் அறைக்குள்ள இருந்தன். குரவைச் சத்தத்தக் கேட்டுத்தான் நீங்க வந்தது தெரியும். நான் எங்க கார்ல போன? பிறந்ததும் அந்த வீடு, கலியாணம் முடிச்சதும் அந்த வீடு."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறவன். சோடித்த காரும் பெண்கள் நாவால் எழுப்புகிற குரவையும் அவனுக்குத்தான். பெண்ணுக்கு ஒரு தரம்கூட அது வாய்ப்பதில்லை. முப்பது வருடம் கூட வாழ்ந்தும் அதாவுல்லாவுக்கு இது தோன்றவே இல்லை. அவர் ஜீப்பை இன்னும் மெதுவாக்கினார்.

பொழுதுபடுகிற நேரம், மஃரிபுக்குச் சற்று முன் சாய்ந்தமருது வந்தது. சந்தியில் அவருடைய கூட்டாளிகளே, எந்தப் பெரிய மனிதர் வருகிறாரோ என்று ஓட்டோக்களை ஒதுக்கி வழி விட்டார்கள். அதாவுல்லா ஹோன் அடித்துக் கையைக் காட்டினார். அந்தப் பெருமை அவருக்கு ஒரு நிமிடம்தான் நிலைத்தது. தன் வீட்டுக்குப் போகிற குறுகிய ஒழுங்கையின் வாயில் ஸ்டியரிங்கைத் திருப்பியவர் சடாரென்று பிரேக்கில் காலை வைத்தார்.

ஒழுங்கைக்குள் ஜீப் போகாது!

ஒரு பக்கம் கல் மதில், மற்றப் பக்கம் றஸாக்கின் தகர வேலி. இருபக்கமும் ஒரு சாண் இடைவெளியில் தினமும் ஓட்டோவைக் கொண்டுபோகிறவர், சின்னக் கார் என்றாலும் உரசாமல் நுழைத்திருப்பார். ஜீப்பின் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் மூன்று தரம் சுற்றிப் பார்த்த மனிதர், தன் வீட்டு ஒழுங்கையை ஒரு தரம் நினைக்கவில்லை. வீட்டு வாசலுக்கு இன்னும் எண்பது எட்டு வைக்க வேண்டியிருந்தது.

றஸாக் வேறு யாருமல்ல, ஸில்மியாவின் பெரியவாப்பா மகன். ஐந்து வருடத்துக்கு முன் வேலியைப் புதுப்பித்தபோது ஒழுங்கைக்குள் ஒன்றரை அடி தள்ளிப் போட்டான். அதாவுல்லா கேட்டார், அவனும் திருப்பிக் கேட்டான், வாய் தடித்தது. அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. பெருநாளைக்குக்கூட இந்த வீட்டுச் சாப்பாடு அந்த வீட்டுக்குப் போகவில்லை.

"நான் மெல்ல நடக்கிறன்" என்றாள் ஸில்மியா.

"பேசாம கிட." அவர் ஒழுங்கையைக் கண்ணால் அளந்தார். கதிரையில் வைத்துத் தூக்கலாமா? குந்தியிருந்தால் முதுகு மடியும், பாயில் தூக்கினால் நடுவில் தொய்யும். அவ்வளவு தூரம், அவ்வளவு வளைவு, ஒரு குலுக்கமில்லாமல் கொண்டுவந்தாகிவிட்டது. இந்த எண்பது எட்டிலா தையல் பிரிய வேண்டும்? அக்கம்பக்கம் கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லார் கண்ணும் அந்த வேலியில்தான், ஆனால் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதாவுல்லாவும் கேட்கவில்லை. 

அப்போது தகரத்துக்கு உள்ளேயிருந்து ணங்கென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. வேலியின் முதல் கட்டை ஆடியது. தகரம் ஒன்று சரிய, அந்தப் பக்கம் இரும்பு அலவாங்கும் கையுமாக, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு றஸாக் நின்றான்.

"பார்த்துட்டு நிக்கிறீங்களே மச்சான், வந்து மத்தப் பக்கத்தப் பிடிங்க."

ஐந்து வருடத்தில் முதல் வார்த்தை. அதாவுல்லா ஓடிப்போய்ப் பிடித்தார். சந்தியிலிருந்து ஓட்டோக்காரரும் வந்தார்கள். பத்து நிமிடத்தில் வேலி முழுவதும் தரையில் கிடந்தது. றஸாக் முன்னால் நின்று, பின்பக்கமாக நடந்தபடி, "வாங்க, வாங்க, இன்னும் வாங்க" என்று இரண்டு கையாலும் அழைத்தான். ஒரு கீறலில்லாமல் அந்த வெள்ளை ஜீப் வீட்டு வாசலில் வந்து நின்றது.

கதவைத் திறக்க அதாவுல்லா ஓடிவந்தபோதுதான் அது கேட்டது. றஸாக்கின் மனைவி ஹவ்வா உம்மா, சரிந்த வேலியடியில் நின்றபடி குரவை போட்டாள். ஒழுங்கையின் மற்றப் பெண்களும் சிரித்துக்கொண்டே சேர்ந்துகொண்டார்கள்.

ஸில்மியா படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணீர் இரண்டு காதுப் பக்கமும் வழிந்தது.

"வா புள்ள, மெல்ல இறக்கிறன்."

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் அவள். "அவங்க போட்டு முடியட்டும்."

மறுநாள் ஜீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதாவுல்லா தன் ஓட்டோவில் வந்தார். ஒழுங்கையோரம் றஸாக் புதுக் குழி தோண்டிக் கட்டை நட்டுக்கொண்டிருந்தான், பழைய இடத்திலிருந்து ஒன்றரை அடி தன் வளவுக்குள்ளே தள்ளி. அதாவுல்லா ஓட்டோவை நிறுத்தினார். இருபக்கமும் ஒரு சாணுக்குப் பழகிப்போன கைக்கு, அவ்வளவு இடத்தில் எந்தப் பக்கமாகப் போவதென்று தெரியவில்லை.