இடது பக்க மிசின்

திலகவதி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் என் குற்றத்தைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. ஆனால் நான் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லிவிடும். அதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

1994இல் நானும் என் கூட்டாளி பிரவினும் சேர்ந்து 'மின்னல் டிஸ்கோ' என்று ஒரு குழு வைத்திருந்தோம். கல்யாண டின்னர், பிறந்தநாள், தோட்டத்து இளைஞர் மன்ற விருந்து, எதற்குக் கூப்பிட்டாலும் வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய்விடுவோம். மற்ற நாட்களில் நான் மலாக்காவில், டுரியான் துங்கால் பக்கம், செம்பனை எண்ணெய்த் தோட்டங்களில் குலை ஏற்றும் லோரி ஓட்டினேன். ஸ்பீக்கர், விளக்கு, ஒயர் எல்லாம் பிரவின் பொறுப்பு. இரண்டு இசைத்தட்டு மிசின்களுக்குப் பின்னால் நின்று பாட்டுப் போடும் டிஜே இந்த யுகேந்திரன்தான்.

பாட்டுப் போடுவது என்றால் ஒன்று முடிந்ததும் இன்னொன்றை வைப்பது என்று நினைத்துவிடாதீர்கள். ஆடுகிறவன் கால் நிற்கக்கூடாது. ஒரு மிசினில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த மிசினில் வேறு பாட்டை வைத்து, ஹெட்போனில் ஒரு காதால் கேட்டு, வேகக் கட்டையைத் தள்ளி வேகத்தைக் கூட்டிக் குறைத்து, இரண்டு பாட்டின் அடியும் ஒன்றாக விழும்படி செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் புதுப் பாட்டைச் சபைக்குத் திறந்துவிடலாம். அடி சேர்ந்தால் மாறியதே யாருக்கும் தெரியாது. சேராவிட்டால் மாடிப்படியில் தகரப் பெட்டி உருண்டது போலக் கேட்கும்.

எனக்கு உருண்டது. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை.

தங்கா பத்துவில் ஒரு பிறந்தநாள் விருந்தில், ஆடிக்கொண்டிருந்த மாமா ஒருவர் நட்டநடுவில் நின்றுவிட்டார். "என்னாலா தம்பி, ரெண்டு பாட்டும் சண்ட போட்டுக்குதா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது.

"இடது மிசின் கோளாறு மாமா!" என்று கத்தினேன்.

நான் சும்மா சொல்லவில்லை. தகராறு எப்போதும் இடது மிசினில்தான் வந்தது. வலதில் இங்கிலீஷ் டிஸ்கோ தட்டு, இடதில் தமிழ்த் தட்டு. மேசையின் இடது பக்கம் தமிழ்ப் பாட்டுப் பெட்டி இருக்கும், கைக்கு வசதி. முதல் நாளிலிருந்து அப்படித்தான், மாற்றியதே இல்லை. ஆரம்பத்தில் ஒழுங்காகச் சேரும் பாட்டு, பாதியில் இடது பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடும். அந்த மிசினை மலாக்கா டவுனில் பழசாகப் பார்த்து வாங்கி வந்தவன் பிரவின். ரிப்பேர்க்காரர் சிவசாமியிடம் மூன்று முறை கொண்டுபோனேன். மூன்று முறையும் தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, "இதுல ஒண்ணுமில்ல தம்பி" என்றார். அவருக்கும் காது கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன்.

அந்த நேரத்தில்தான் என் தங்கை கமலவேணிக்குக் கல்யாணம் முடிவானது. சிம்பாங் அம்பாட் மண்டபத்தில் டின்னர். பாட்டுக்கு வேறு யாரையும் தேட வேண்டாம், அண்ணன் இருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"வேணாண்ணா" என்றாள் அவள். "மாப்ள வீட்டு ஆளுங்க முன்னாடி அந்தத் தகரச் சத்தம் வேணாம். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீ கைய வைக்காத."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஊர் சிரித்ததைத் துடைத்துப் போட்டேன். தங்கை சொன்னது உள்ளே போய்த் தைத்துவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கா பத்துவுக்குப் போனேன், அந்த இடது மிசினைத் தூக்கி எறிந்துவிட்டு வருவது என்று.

எங்கள் தோட்டத்து வீட்டில் இடமில்லாததால் மிசின்கள் பிரவின் வீட்டு முன்கூடத்தில்தான் இருந்தன. அது உண்மையில் அவன் அக்கா திலகவதியின் வீடு. அக்காவுக்கு அப்போது முப்பத்தோரு வயது. பதினேழு வயதில் சிம்பாங் அம்பாட் தோட்டத்திலிருந்து பேக்டரி பஸ் ஏறியவர், பிறகு பேக்டரிக்குச் சம்பளம் வாங்கப் போவதும் வீட்டுக்குத் தூங்க வருவதுமாக இருந்து, தானே ஒரு வீட்டையும் பிடித்துவிட்டார். மின்னணுப் பலகைகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, எது நல்லது எது பழுது என்று பார்க்கும் டெஸ்டர் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவர். ஏன் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் எல்லாரும் தூங்குவார்கள், இவர் கோப்பி கலக்கிக்கொண்டு மிசின் முன்னால் உட்காருவார் என்று பிரவின் சொல்லியிருக்கிறான். நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. பொழுதுபோகாமல் பாட்டுக் கேட்கிறார், கேட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

நான் மிசினின் ஒயரைப் பிடுங்கியபோது அக்கா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பசியாறிட்டியா? அத எங்கடா தூக்குற?"

"குப்பைக்கு. கோளாறு மிசின்க்கா."

"யாரு டெஸ்ட் பண்ணுனா?"

"டெஸ்ட் என்னா டெஸ்ட்? எனக்குக் காது இல்லையா?"

"எங்க பேக்டரி லைன்ல வந்து இப்படிச் சொல்லிப் பாரேன், வெளிய தள்ளிடுவாங்கலா. கீழ வை." சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "நானே டெஸ்ட் பண்றேன். மிசின்தான் கோளாறுன்னா நானே தூக்கிட்டுப் போயிப் போடுறேன். இல்லன்னா கமலவேணி டின்னருக்கு நான்தான் பாட்டுப் போடுவேன்."

"நீங்களா? அப்ப நான் என்னா சோறு போடவா?"

"பொண்ணோட அண்ணன் சோறுதான்டா போடணும்."

ஜெயிப்பது நிச்சயம் என்ற திமிரில் சரி என்றேன்.

"தட்ட மாத்திப் போடு" என்றார். "தமிழ வலதுல, இங்கிலீஷ இடதுல."

வலது கையால் சாப்பிடுகிறவனை இடது கையால் சாப்பிடச் சொன்னது மாதிரி இருந்தது. இருந்தாலும் ஒயரை மறுபடி மாட்டி, தட்டுகளை மாற்றிப் போட்டேன். அடி சேர்த்தேன். முதல் சரணம் வரை அழகாகப் போனது. இரண்டாவது சரணம் வந்ததும் தமிழ்ப் பாட்டு பிய்த்துக்கொண்டது. வலது மிசினில்!

"அலாமாக்! வலதும் கெட்டுப்போச்சு!" என்றேன்.

திலகவதி அக்கா சிரித்து அன்றுதான் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு வெள்ளை டேப்பை ஒட்டினார். என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு அது எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணச் சொன்னார். முப்பத்து மூன்றும் கொஞ்சமும். பாட்டின் கடைசிப் பகுதியில் மறுபடி எண்ணினேன். அதே முப்பத்து மூன்றும் கொஞ்சமும். இடது மிசினுக்கும் அதே கணக்குத்தான்.

"தட்டு ஒரே மாதிரி சுத்துது. அப்ப ஓடுறது யாரு?" என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார். "இங்கிலீஷ் டிஸ்கோவுல அடிக்கிறது மிசினு. நம்ம பாட்டுல அடிக்கிறது ஆளு. மெட்ராஸ்ல ஒக்காந்து தபேலா அடிக்கிறவரு ரெண்டாவது சரணம் வந்ததும் வேகமாப் போறாரு. அவருக்கு என்னா அவசரமோ, வீட்டுக்குப் போவணுமோ என்னவோ. நீ தமிழ இடதுலயே வச்சி வச்சி, அவரு ஓடுனதுக்கு மிசின ஏசுற."

அலமாரியிலிருந்து ஒரு நீல நிற நோட்டை எடுத்துக் காட்டினார். எங்கள் பெட்டியில் இருந்த தமிழ்ப் பாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். எந்த இடத்தில் ஓடும், எந்த இடத்தில் இழுக்கும், எங்கே விரலால் தட்டை லேசாகப் பிடிக்க வேண்டும், எங்கே தள்ள வேண்டும், எல்லாம் எழுதியிருந்தார். ஒரு பக்கத்தில், 'இடது: வேகக் கட்டை நடுவில் ஒட்டுகிறது. பெல்ட் தளர்ச்சி.'

நான் துள்ளிக் குதித்தேன். "பாத்தீங்களா! கோளாறு இருக்கு! நீங்களே எழுதிருக்கீங்க!"

"இருக்குடா. இல்லன்னு யாரு சொன்னா? ஆனா அந்தக் கோளாறு தெனமும் ஒரே மாதிரி இருக்கு. பழகிட்டா சமாளிச்சிடலாம். ஒன் கைதான் ஒவ்வொரு வாரமும் ஒரு மாதிரி இருக்கு. கடைசியா எப்பப் பழகுன?"

நான் பழகியதே இல்லை. டின்னரில் போடுவதுதான் பழக்கம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். வெள்ளை டேப்பை உரித்துவிட்டுத் தட்டை உறைக்குள் போட்டேன்.

டின்னர் அன்று அக்கா பச்சைச் சேலை கட்டி, கொண்டையில் பேனாவோடு மிசினுக்குப் பின்னால் நின்றார். "பொம்பளையா பாட்டுப் போடுது?" என்று மாப்பிள்ளை வீட்டுக் கிழவர்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். கால் மணி நேரத்தில் அதே இரண்டு பேரும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். பாட்டுக்குப் பாட்டு தாண்டியது யாருக்கும் தெரியவில்லை. தபேலாக்காரர் ஓடும் இடங்களில் அக்காவின் விரல் தட்டின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. நான் பிரியாணிச் சட்டியும் கரண்டியுமாக மேசை மேசையாகப் போய்ச் சோறு போட்டேன்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். அக்கா ஒரு தடவையாவது தவறவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். என் சொந்தத் தங்கையின் கல்யாணத்தில், அவள் மணக்கோலத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது. அப்படிப்பட்ட பொறாமை எனக்கு.

எட்டரை மணி இருக்கும். மேடைக்குப் பக்கத்து மேசையில் பரிமாறிக்கொண்டே பார்க்கிறேன், இடது தட்டு தள்ளாடியது. அக்காவின் விரல் ஓரத்திலிருந்து நடுவுக்குப் போய்விட்டது. பெல்ட் அறுந்துவிட்டது! எத்தனை முறை கழற்றி மாட்டிய பெல்ட், எனக்குத் தெரியாதா?

"சொன்னேன்ல! பாத்தீங்களா! மிசின் கோளாறுன்னு சொன்னேன்ல!" என்று கரண்டியை உயர்த்திக்கொண்டு கத்தினேன்.

மேசையில் இருந்தவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். என்ன சொல்கிறேன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஏனென்றால் பாட்டு நிற்கவில்லை. உருமிச் சத்தம் ஓடிக்கொண்டேயிருந்தது, எல்லாரும் ஆடிக்கொண்டேயிருந்தார்கள். கரண்டியைப் போட்டுவிட்டு மேடைக்கு ஓடினேன்.

அக்கா ஒற்றை விரலால் தட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. இன்னொரு கை வலது தட்டைத் தொட்டு அடி சேர்த்துக்கொண்டிருந்தது. ஹெட்போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் நெரிபட்டது. சத்தத்தை ஒரு மிசினிலிருந்து அடுத்ததற்கு மாற்றும் கட்டையைத் தள்ள மூன்றாவது கை இல்லை.

என்னைப் பார்க்காமலே சொன்னார். "வலது பக்கம். நான் தல ஆட்டுனதும் தள்ளு. மெதுவா."

நெய்க் கையோடு கட்டையில் விரலை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. தலை ஆடியது. தள்ளினேன். அடி மேல் அடி விழுந்தது. அப்புறம்தான் அக்கா விரலை எடுத்தார். விரல் நுனி சிவந்துபோயிருந்தது.

"இத எப்பக்கா பழகுனீங்க?"

"பெல்ட்டு தளர்ந்திருக்குன்னு தெரியும்தானே. என்னிக்காவது அறும். நீ மிசின ஏசிட்டு வீட்டுக்குப் போன நாளெல்லாம் பழகுனேன்."

மீதி டின்னரை அவர் ஒரே மிசினிலும், கைக்காவலுக்குக் கொண்டுவந்திருந்த கேசட் பிளேயரிலும் ஓட்டி முடித்தார், நான் பக்கத்திலேயே நின்று சொன்னபோதெல்லாம் கட்டையைத் தள்ளினேன்.

எல்லாம் முடிந்து பெட்டிகளை அடுக்கும்போது கமலவேணி மாலையோடு வந்தாள். முகமெல்லாம் வேர்வை, அப்படி ஒரு சிரிப்பு. அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏண்ணா, நடுவுல எதுக்கு அப்படிக் கத்துன?"

அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கொண்டையிலிருந்த பேனாவை எடுத்து நீல நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"பெல்ட்டு அறுந்துடுச்சி" என்றேன்.

"எப்ப?" என்று கேட்டாள் என் தங்கை.